62ஆவது சுற்றில் ஒரு ஜாம்பவான்! பேஸ்பால் டிராஃப்ட்டின் கடைசிப் பக்கங்கள் தெரியுமா?

1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் டிராஃப்ட் என்ற முறையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அணியும் தன் முறை வந்ததும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 1,389 பெயர்கள் சொல்லி முடித்தாயிற்று. 62ஆவது சுற்றும் வந்துவிட்டது. அப்போதுதான் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 1,390ஆவது பெயராக மைக் பியாஸாவை எடுத்தது. அதுவும் திறமையைப் பார்த்து எடுக்கவில்லை. அணி மேலாளர் டாமி லசோர்டாவும் பையனின் அப்பாவும் சிறுவயதுச் சிநேகிதர்கள். "நம்ம வீட்டுப் பையன், ஒரு வாய்ப்பு கொடுங்க" என்கிற சிபாரிசு!

அந்தச் சிபாரிசுப் பையன் 427 ஹோம் ரன் அடித்தார். அதில் 396, கேட்சராக ஆடியபோது அடித்தவை. கேட்சர்களில் வேறு எவரும் இதுவரை அத்தனை அடித்ததில்லை. 2016இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். டிராஃப்ட்டில் இவ்வளவு பின்னால் எடுக்கப்பட்ட எவரும் அந்தக் கௌரவத்தைப் பெற்றதில்லை. சிபாரிசு என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மன்னித்துவிடலாம்.

பியாஸா அப்போது ஜூனியர் காலேஜ் மாணவர். உண்மையான கூத்து, பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்த பதினெட்டு வயதுப் பையன்களைக் கடைசிச் சுற்றுகளில் எடுப்பதில் இருக்கிறது. எடுப்பது ஒரு கதை. கையெழுத்து வாங்குவது பெருங்கதை!

நம் ஐ.பி.எல். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆள். பேஸ்பால் டிராஃப்ட்டில் அப்படிக் கிடையாது. ஓர் அணி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால், பேரம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும்தான். அந்த அணி பிடிக்கவில்லையா? கையெழுத்துப் போடாமல் கல்லூரிக்குப் போகலாம். அவ்வளவுதான். இந்த ஏற்பாடு தொடங்கியது 1965இல். அமெரிக்கா, கனடா, புவெர்ட்டோ ரிக்கோ போன்ற பகுதிகளின் பையன்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் டிராஃப்ட் பக்கமே போகாமல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு நேரடியாக ஒப்பந்தம் போட முடிந்தது!

அந்தக் காலத்தில் எத்தனை சுற்று என்று கணக்கே இல்லை. "போதும்" என்று சொல்லும் வரை எடுத்துக்கொண்டே போகலாம். 1996இல் நியூயார்க் யாங்கீஸ் அணி 100ஆவது சுற்று வரை ஆள் எடுத்தது! அதே ஆண்டு டாம்பா பே டெவில் ரேஸ் என்ற அணியும் டிராஃப்ட்டில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அணி அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. களம் இறங்கியதே 1998இல்தான்! இல்லாத அணி 89ஆவது சுற்றில் எடுத்த டிராவிஸ் ஃபெல்ப்ஸ் என்ற பிட்சர் 2001இல் மேஜர் லீகில் பந்து வீசினார். 1998இல் 50 சுற்று என்று வரம்பு வந்தது. 2012இல் அது 40 ஆனது. கொரோனா ஆண்டான 2020இல் வெறும் 5 சுற்று! பெயர் வராத பையன்களுக்கு அந்த ஆண்டு அதிகபட்சம் 20,000 டாலர்தான் தரலாம் என்று கட்டுப்பாடும் போட்டார்கள். 2021இலிருந்து 20 சுற்று.

சரி, நல்ல பையன் என்றால் முதல் சுற்றிலேயே எடுத்துவிட மாட்டார்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. டிராஃப்ட் வரிசையைத் திறமையின் வரிசை என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அது பணத்தின் வரிசை!

டிராஃப்ட்டுக்கு முன்னால் ஸ்கவுட்டுகள், அதாவது அணிக்காக ஆள் தேடுபவர்கள், பையன் வீட்டுக்கு வருவார்கள். வேகம், உயரம், மார்க் எல்லாம் பேசிவிட்டு முக்கியமான கேள்விக்கு வருவார்கள்: "உன் நம்பர் என்ன?" ஜெர்ஸி நம்பர் இல்லை. எத்தனை டாலர் கொடுத்தால் கல்லூரியை விட்டுவிட்டு வருவாய் என்பதுதான் அந்த நம்பர். பையன் கையில் பல்கலைக்கழக அழைப்பு இருக்கும். அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஒரு தொகை சொல்வார்கள். தொகை பெரிதாக இருந்தால், "இவன் வரமாட்டான்" என்று அணிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துவிடும். முதல் சுற்றுத் திறமை இருபதாவது சுற்றுக்கு இறங்கிவிடும். 1979இல் டான் மாட்டிங்லிக்கு நடந்தது அதேதான். இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார் என்று எல்லா அணிகளும் நினைத்தன. யாங்கீஸ் மட்டும் 19ஆவது சுற்றில் பெயரைச் சொல்லி வைத்தது. பையன் 23,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1985இல் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் அவர்தான்!

2012இல் வந்த புதிய விதிகள் இந்த விளையாட்டைக் கணக்கு வாத்தியார் வேலையாகவே மாற்றிவிட்டன. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுவாரஸ்யம் இங்கேதான். முதல் 10 சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலைகளைக் கூட்டினால் வருவது, கையெழுத்துக்காக அணி கொடுக்கக்கூடிய மொத்த போனஸ் பணம். அதற்கு மேல் 5 சதவீதம் வரை செலவழித்தால் அபராத வரி. 5 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பே போய்விடும்! 11ஆவது சுற்றிலிருந்து எடுக்கும் பையன்களுக்கு ஒரு வரம்பு வரை கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது. 2012இல் அந்த வரம்பு 1,00,000 டாலர். 2017இல் 1,25,000. 2023இல் 1,50,000. வரம்புக்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் பொதுப் பணத்திலிருந்துதான் கழியும்.

அப்போது அணிகள் என்ன செய்யும்? ஒன்பதாவது, பத்தாவது சுற்றுகளில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்ட பையன்களை எடுக்கும். அவர்களுக்குப் பேரம் பேச வேறு கதி இல்லை. சில ஆயிரம் டாலர் கொடுத்தால் போதும். அந்த இடங்களுக்கு ஒதுக்கிய லட்சங்கள் மிச்சம்! அந்த மிச்சத்தை அப்படியே 11ஆவது சுற்றிலோ 15ஆவது சுற்றிலோ எடுத்த பள்ளிப் பையனிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஏன் 11இலிருந்து? முதல் 10 சுற்றுகளில் எடுத்த ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவருடைய இடத்தின் விலை முழுவதும் அணியின் கணக்கிலிருந்து மறைந்துவிடும். 11ஆவது சுற்றிலிருந்து அந்தப் பயம் இல்லை. வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை. நாலாயிரம் டாலரோடு வீட்டுக்குப் போகும் அந்தக் கல்லூரிப் பையன்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. யாரோ ஒரு பதினெட்டு வயதுக்காரனின் போனஸுக்குத் தன் பங்கு வழிவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இந்தச் சீட்டுக்கட்டு வீடு ஒரே மூச்சில் சரிந்த கதை தெரியுமா? 2014. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு நாட்டிலேயே முதல் தேர்வு. கலிஃபோர்னியாப் பள்ளி மாணவர், இடக்கை பிட்சர் பிரேடி எய்கனை எடுத்தார்கள். அந்த இடத்தின் விலை 79,22,100 டாலர். 65 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. மிச்சம் 14 லட்சத்துக்கு மேல்! அந்த மிச்சத்தை நம்பி ஐந்தாவது சுற்றில் எடுத்த ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பள்ளி பிட்சருக்கு 15 லட்சம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 21ஆவது சுற்றில் இன்னொரு பள்ளி மாணவரையும் எடுத்து, ஆள் வந்தால் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வந்தது மருத்துவப் பரிசோதனை. எய்கனின் முழங்கைத் தசைநார் பற்றி அணிக்குச் சந்தேகம். தொகையைக் குறைத்தார்கள். பையன் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலை 18, கெடு முடிந்தது. எய்கன் கையெழுத்துப் போடவில்லை. அந்த நொடியில் 79 லட்சமும் ஹூஸ்டனின் கணக்கிலிருந்து காணாமல் போனது! இனி நிக்ஸுக்குச் சொன்ன 15 லட்சத்தைக் கொடுத்தால் வரம்பு தாண்டிவிடும், எதிர்கால முதல் சுற்றுகள் பறிபோகும். நிக்ஸின் ஒப்பந்தமும் போனது. எந்தத் தப்பும் செய்யாத பையன்! 21ஆவது சுற்று மாணவரும் கல்லூரிக்குப் போய்விட்டார். ஒருவர் முழங்கையில் இருந்த ஒரு தசைநார், மூன்று பையன்களின் விதியை ஒரே மதியத்தில் மாற்றியது. வேடிக்கை என்னவென்றால் இதில் ஹூஸ்டன் கெட்டுப்போகவில்லை. எய்கனை இழந்ததற்கு ஈடாக 2015இல் இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதில் எடுத்த அலெக்ஸ் பிரெக்மன் பேஸ்பாலின் உச்சப் பட்டமான உலகத் தொடரை 2017, 2022 என்று இரண்டு முறை வென்று கொடுத்தார்! அணிக்கு அடுத்த ஆண்டு உண்டு. பையனுக்குப் பதினெட்டு வயது ஒருமுறைதான் வரும். இந்த விதியை எழுதியவர்கள் அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டு வென்றவர்களைப் பார்ப்போமா?

நோலன் ரயன்! முதல் டிராஃப்ட்டிலேயே, 1965இல், டெக்சாஸ் மாநிலம் ஆல்வின் பள்ளியிலிருந்து 12ஆவது சுற்றில், 295ஆவது ஆளாக நியூயார்க் மெட்ஸ் அணி எடுத்தது. அத்தனை வேகப் பந்து வீச்சாளர் ஏன் அவ்வளவு பின்னால் போனார்? ரெட் மர்ஃப் என்ற ஸ்கவுட் பையனைப் பார்த்துச் சொக்கிப்போய், அணியின் மேலிடத்து ஆளான பிங் டிவைனை ஆல்வினுக்கே கூட்டிவந்தார். முந்தின நாள்தான் பள்ளிக் கோச் கோபத்தில் பையன்களை ஓடவிட்டு ஓடவிட்டு நாக்குத் தள்ள வைத்திருந்தார்! மறுநாள் ரயனின் கை எழவே இல்லை. அடி மேல் அடி, மூன்றாவது இன்னிங்ஸுக்குள் வெளியே. மேலிடம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனது. மர்ஃப் விடவில்லை. பன்னிரண்டாவது சுற்றிலாவது அந்தப் பெயரைச் சொல்ல வைத்தார். பிறகு? 27 சீசன், 5,714 ஸ்ட்ரைக் அவுட், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத 7 ஆட்டங்கள். மூன்றுமே இன்றுவரை சாதனைப் பட்டியலின் உச்சியில்தான்.

ரைன் சாண்ட்பெர்க், ஸ்போக்கேன் நகரப் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பாலில் நட்சத்திர குவார்ட்டர்பேக். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் ஃபுட்பாலுக்காக அவரை எடுத்தாயிற்று. பேஸ்பால் அணிகள் ஒதுங்கிவிட்டன. 1978இல் 20ஆவது சுற்றில் ஃபிலடெல்ஃபியா எடுத்தது, பையனும் மனம் மாறிக் கையெழுத்துப் போட்டார். அந்த அணி நான்கே ஆண்டுகளில் அவரை சிகாகோ கப்ஸுக்குத் தள்ளிவிட்டது. கப்ஸில் ஆடித்தான் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்!

ஜான் ஸ்மோல்ட்ஸ் மிச்சிகன் பையன். 1985இல் சொந்த மாநிலத்து டெட்ராய்ட் டைகர்ஸ் 22ஆவது சுற்றில் எடுத்தது. 1987இல் பட்டத்துக்காகத் தவித்த டைகர்ஸ், 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்க இவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. அலெக்சாண்டர் அந்த ஆண்டு டெட்ராய்ட்டுக்காக 9 வெற்றி, 0 தோல்வி! டைகர்ஸ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் 200க்கு மேல் வெற்றி, 154 சேவ் என்று குவித்து 2015இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்.

பிரெட் சேபர்ஹேகன், 1982, 19ஆவது சுற்று. தோளில் வலி என்று ஸ்கவுட்டுகள் ஒதுங்கினார்கள். அதே 1982இல் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளின் இறுதி ஆட்டத்தில், டாட்ஜர் ஸ்டேடியத்தில், ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வீசினார்! மூன்றே ஆண்டுகளில் கன்சாஸ் சிட்டியை உலகத் தொடர் வெல்ல வைத்தார். 1985 அக்டோபர் 26, முதல் குழந்தை பிறந்தது. 27, ஏழாவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசினார். வயது 21!

அண்மைக் காலக் கணக்கு வேண்டுமா? ஜோஷ் ஹேடர். 2012இல் மேரிலாந்துப் பள்ளியிலிருந்து 19ஆவது சுற்று, ஊர் அணியான பால்டிமோர், போனஸ் 40,000 டாலர். 2024 ஜனவரியில் ஹூஸ்டனோடு ஐந்து ஆண்டுக்கு 9.5 கோடி டாலர். ஊர் அணிக்காக அவர் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2013லேயே கைமாற்றிவிட்டார்கள்!

இன்னொரு தந்திரமும் இருந்தது: எடு, விடு, பார்! பள்ளிப் பையனைக் கடைசிச் சுற்றில் எடுத்து வைத்துக்கொள்வது. அவன் இரண்டாண்டு ஜூனியர் காலேஜுக்குப் போவான். அடுத்த டிராஃப்ட் வரை அவன் மேல் அணிக்கு உரிமை உண்டு. வளர்ந்தால் கையெழுத்து, வளராவிட்டால் கைகழுவல். நான்காண்டுக் கல்லூரியானால் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்த மறுகணம் உரிமை செத்துவிடும்! அதனால் அக்காலத்தில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஸ்கவுட்டுகள் படபடத்துத் திரிவார்கள். யாங்கீஸ் இந்த வழியில் 1990இல் ஒரே டிராஃப்ட்டில் 22ஆவது சுற்றில் ஆண்டி பெட்டிட்டையும் 24ஆவது சுற்றில் ஹோர்ஹே பொசாடாவையும் பிடித்தது. 1991இல் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டிட்டுக்கு 80,000 டாலர். அவர் பிளே-ஆஃப் ஆட்டங்களில் வென்றது 19. வேறு எந்த பிட்சரும் அத்தனை வென்றதில்லை! ஒரே டிராஃப்ட்டின் அடிமட்டத்தில் ஒரு பிட்சரும் அவருக்கு ஏற்ற கேட்சரும்.

மார்க் பர்லி பள்ளி அணியிலேயே இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டவர். 1998இல் 38ஆவது சுற்றில் சிகாகோ வைட் சாக்ஸ் இதே முறையில் பிடித்தது. 2009 ஜூலை 23 அன்று 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கி, பெர்ஃபெக்ட் கேம் வீசினார். அதிபர் ஒபாமாவே ஃபோன் செய்து வாழ்த்தினார்!

லொரென்ஸோ கெய்ன் கதையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஃப்ளோரிடாவில் ஒரு சின்ன ஊர். ஃபுட்பால் வேண்டாம் என்று அம்மா தடை. பாஸ்கெட்பால் அணியில் கழித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பில்தான் முதன்முதலாக பேஸ்பாலுக்கு வந்தார். சொந்தமாகக் கிளவுஸ்கூட இல்லை! 2004இல் 17ஆவது சுற்றில் மில்வாக்கி எடுத்தது. 2015இல் உலகத் தொடரை வென்ற கன்சாஸ் சிட்டி அணியின் சென்டர் ஃபீல்டர் அவர்தான். 2007இல் நிறுத்திய இந்த 'எடு, விடு, பார்' முறையை 2022இல் மறுபடியும் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது கூடுதல் செய்தி.

கையெழுத்துப் போடாதவர்கள் கதை இன்னும் பிரமாதம்! 2022இல் அமெரிக்கன் லீகின் சிறந்த வீரர் ஆரன் ஜட்ஜ். நேஷனல் லீகின் சிறந்த வீரர் பால் கோல்ட்ஷ்மிட். ஜட்ஜைப் பள்ளி முடித்தபோது ஓக்லண்ட் 31ஆவது சுற்றில் எடுத்தது. கோல்ட்ஷ்மிட்டை டாட்ஜர்ஸ் 49ஆவது சுற்றில் எடுத்தது. இருவருமே வேண்டாம் என்று கல்லூரிக்குப் போனவர்கள்! ஜட்ஜ் மூன்றாண்டு கழித்து 18 லட்சம் டாலருக்கு யாங்கீஸில் சேர்ந்தார். பஸ்டர் போஸியை 2005இல் ஏஞ்சல்ஸ் 50ஆவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில் எடுத்தது. போகவில்லை. 2008இல் நாட்டிலேயே ஐந்தாவது ஆளாக சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்து 62 லட்சம் கொடுத்தது. மூன்று உலகத் தொடர் வென்றார்.

டாம் பிரேடியும் இந்தப் பட்டியலில் உண்டு! அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏழு சூப்பர் பவுல் வென்ற அதே பிரேடிதான். 1995இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அவரைக் கேட்சராக 18ஆவது சுற்றில் எடுத்தது. அந்த அணி 2005இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து பெயரையே மாற்றிக்கொண்டது. பிரேடி அதற்குப் பிறகும் பதினெட்டு சீசன் ஆடினார். இன்னொரு ஃபுட்பால் நட்சத்திரம் பாட்ரிக் மஹோம்ஸை 2014இல் டெட்ராய்ட் 37ஆவது சுற்றில் எடுத்தது. அவர் அப்பா மேஜர் லீக் பிட்சர், பையனும் பள்ளியில் ஹிட் கொடுக்காத ஆட்டம் வீசியவர். ஆனாலும் போகவில்லை.

போகலாமா, கூடாதா? அந்த வீடுகளில் நடக்கும் கணக்கு எளிதில்லை. நான்காண்டுக் கல்லூரிக்குப் போனால் மூன்றாம் ஆண்டு முடியும் வரையோ 21 வயது வரையோ மறுபடி டிராஃப்ட் கிடையாது. கை உடைந்தால் பேரமும் உடைந்தது. கல்லூரி என்றால் முழு இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லாண்டுக் காலம் ஒரு முதல்நிலைக் கல்லூரி பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான்! அதை 27 பேர் வரை கூறுபோட்டுக்கொள்வார்கள். 2025இல்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. கையெழுத்துப் போடும் பையனுக்கு அணி பின்னாளில் கல்லூரிக் கட்டணம் தருவதாக எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பணம் போச்சு. மைனர் லீகின் அடித்தட்டில் ஆண்டுச் சம்பளம் 2023 ஒப்பந்தப்படி 19,800 டாலர். அதுவே பெரிய முன்னேற்றம் என்று கொண்டாடினார்கள் என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

என்னைக் கேட்டால், கடைசிச் சுற்றில் சிறு தொகைக்கு வரச் சொன்னால் பையன் கல்லூரிக்குப் போவதே நல்லது. அணி அவன் மேல் பணத்தைக் கொட்டியிருந்தால்தான் அவன் நான்கு முறை சறுக்கினாலும் ஐந்தாவது வாய்ப்புக் கொடுக்கும். சல்லிக்காசுக்கு வந்தவனை முதல் சறுக்கலிலேயே அனுப்பிவிடும். ஹேடர்கள் விதிவிலக்கு. கடைசிச் சுற்றுகளில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீகின் புல்லை மிதித்ததே இல்லை.

டிராஃப்ட் இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நடக்கிறது. அடுத்த முறை செய்தி கண்ணில் பட்டால் முதல் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். 11ஆவது சுற்றிலிருந்து, கல்லூரிப் பெயருக்குப் பதிலாகப் பள்ளிக்கூடப் பெயர் போட்டிருக்கும் பையன்களைத் தேடிப் பாருங்கள். யார் என்ன தொகைக்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் வெளிவரும். 1,50,000 டாலருக்கு மேலே வாங்கியவர்கள் பெயரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அணிகள் உண்மையில் ஆசைப்பட்டது அவர்களுக்குத்தான்.